அம்பருக்குள் ஒரு ஊசித்தட்டான்: பார்த்ததும் ஊகித்ததும்

கேள்வி இதுதான்: மியான்மர் அம்பருக்குள், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினுக்குள், 9.9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஊசித்தட்டான் ஒன்று கிடைத்ததாம். அகன்ற கால்களை ஆட்டிக் காட்டி அது பெண்ணைக் கவர்ந்ததாம். செத்துக் கிடக்கும் ஒரு பூச்சியைப் பார்த்து இதையெல்லாம் எப்படிச் சொல்கிறார்கள்? அழிந்த இனம் என்று எப்படித் தெரியும்? தண்ணீர்ப் பூச்சிக்கு மரப்பிசினில் என்ன வேலை? கூடவே டி.என்.ஏ. எடுக்க முடியுமா, இணையத்தில் விற்கும் அம்பர் டாலரை (சங்கிலிப் பதக்கத்தை) வாங்கலாமா என்று இரண்டு சின்னக் கேள்விகள். எனக்குத் தோன்றுவது, கேட்டவரின் உண்மையான சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். இந்தச் செய்தியில் கண்ணால் பார்த்தது எவ்வளவு, ஊகித்துச் சேர்த்தது எவ்வளவு? நான் பூச்சியியல் படித்தவன். பல வருடங்களாக ஊசித்தட்டான்களின் இறக்கை நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்து வைப்பதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது யிஜென்பிளாட்டிக்நெமிஸ் ஹுவாங்கி என்ற இனத்தைப் பற்றி. 2017இல் ஜெங் தாரான், ஆந்த்ரே நெல், வாங் போ முதலியோர் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் அதை விவரித்தார்கள். மியான்மரின் வடக்கே காச்சின் மாநிலத்தில், ஹுகாங் பள்ளத்தாக்குச் சுரங்கங்களிலிருந்து வரும் அம்பர் அது. ஆண் பூச்சிகளின் கணைக்கால்கள் அளவுக்கு மீறி அகன்று தட்டையாக இருப்பதுதான் அதன் விசேஷம்.

வயதிலிருந்து தொடங்கலாம், இருப்பதில் உறுதியான பகுதி அதுதான். அம்பரையே நேரடியாகக் காலம் கணிக்க நல்ல வழி கிடையாது. ஆனால் அம்பர் புதைந்திருக்கும் பாறையில் எரிமலைச் சாம்பலோடு வந்த சிர்கான் என்ற கனிமத்தின் மணிகள் இருக்கின்றன. அவற்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து, 2012இல் 9.879 கோடி ஆண்டுகள், கூடக்குறைய 6.2 லட்சம் ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். இது அந்தப் படிவு உருவான காலத்தைக் காட்டுகிறது. பிசின் அதற்குச் சற்று முன்பே ஒழுகியிருக்கலாம். ஆனால் மிகப் பழையதாக இருக்காது என்பதற்கு வேறொரு சாட்சி உண்டு. 2019இல் இதே அம்பருக்குள் ஒரு அம்மோனைட் ஓடு கிடைத்தது. கடலில் வாழ்ந்த, சுருள் ஓடு கொண்ட அந்த உயிரியைப் பீமைட்டிஸ் என்ற உட்பேரினத்தில் வைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் தந்த இனத்தை நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1860களில் விவரித்தது நம் திருச்சி, அரியலூர் பக்கத்துக் கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) பாறைகளிலிருந்துதான். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு தனி மகிழ்ச்சி. கடற்கரையை ஒட்டிய காட்டில் பிசின் ஒழுகியது, அந்தக் காலத்து அம்மோனைட்டுகளும் பக்கத்திலேயே இருந்தன. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகின்றன. ஆகவே 9.9 கோடி என்ற எண்ணைத் தயங்காமல் ஏற்கலாம்.

அடுத்தது, அதை ஊசித்தட்டான் என்றும் இன்ன குடும்பம் என்றும் எப்படிச் சொல்கிறார்கள் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்திகளில் இந்தப் பகுதி வருவதே இல்லை. அம்பர் துண்டு கைக்கு வந்ததும் முதல் வேலை தேய்ப்பது. நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, பூச்சிக்கு மிக அருகே ஒரு தட்டையான முகம் வரும்வரை கொண்டுபோய், பிறகு மெருகேற்றுவார்கள். அதன்மேல் ஒரு சொட்டு கிளிசரின், அதற்கு மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லு. இப்படிச் செய்தால் கீறல்களும் ஒளிச்சிதறலும் அடங்கி, உள்ளே இருப்பது தெளிகிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுத்தால் இறக்கை நரம்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

எண்ண வேண்டியவை அங்கே இருக்கின்றன. இறக்கையின் முன்விளிம்பில் ஒரு கணு உண்டு. இறக்கையின் அடியிலிருந்து அந்தக் கணு வரை எத்தனை குறுக்கு நரம்புகள் என்று முதலில் பார்ப்போம். நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளில் நிழலில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் வெஸ்டாலிஸ் பூச்சிகளுக்கு அங்கே வரிசையாக நிறைய இருக்கும். வயல் வரப்பில் பறக்கும் சிறிய ஊசித்தட்டான்களுக்கு இரண்டே இரண்டு. அடுத்து, அடிப்பகுதியில் நான்கு பக்கம் கொண்ட ஒரு சிறிய கட்டம். அதன் வெளிப்புறப் பின்மூலை கூராக நீண்டிருந்தால் கோயனாக்ரியோனிடே குடும்பத்தின் பக்கம் போகிறோம். கட்டம் ஏறக்குறைய செவ்வகமாக இருந்தால் பிளாட்டிக்நெமிடிடே பக்கம். யிஜென்பிளாட்டிக்நெமிஸ் இந்த இரண்டாவது குடும்பத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இதோடு ஆணின் வயிற்று நுனியில் இருக்கும் பற்றுறுப்புகளும் இருக்கின்றன. பெண்ணின் முன்மார்பைப் பிடிக்க உதவும் அந்தச் சின்னக் கொக்கிகள் இனத்துக்கு இனம் வேறு வடிவம். பாறைப் படிமங்களில் பெரும்பாலும் தட்டையான இறக்கை மட்டுமே கிடைக்கும். அம்பரில் கொக்கியும் கால்முள்ளும் கண்ணும் முப்பரிமாணத்தில் நிற்கும். அதனால்தான் ஒரே ஒரு அம்பர் துண்டை வைத்துக்கூடப் புதிய இனம் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

ஆனால் இனம் என்பதற்கும் குடும்பம் என்பதற்கும் ஒரே அளவு உறுதி கொடுக்க மாட்டேன். இதற்கு நம் பூச்சிகளே உதாரணம். ஆற்றோரத்தில் கறுப்பாக, மெலிதாகப் பறக்கும் புரோடாசினியூரா, டிஸ்பரோனியூரா முதலியவற்றை, இந்தியத் தட்டான்களை வகைப்படுத்திய ஃபிரேசர் காலத்திலிருந்து புரோட்டோநியூரிடே என்ற தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். இறக்கையில் குறிப்பிட்ட ஒரு நரம்பு தேய்ந்து போயிருந்ததுதான் காரணம். அமெரிக்கக் கண்டத்திலும் அதே நரம்பு தேய்ந்த பூச்சிகள் இருந்ததால் அவையும் அதே குடும்பத்தில் சேர்ந்தன. பிறகு டி.என்.ஏ. ஒப்பீடு வந்தது. 2014இல் வெளியான மறுவகைப்பாட்டில் அந்தக் குடும்பமே கலைந்துவிட்டது. நம் பக்கத்துப் பூச்சிகள் பிளாட்டிக்நெமிடிடேவுக்குள் வந்தன, அமெரிக்கப் பூச்சிகள் கோயனாக்ரியோனிடேவுக்குள் போயின. நரம்பு தேய்வது இரு பக்கமும் தனித்தனியாக நடந்த விஷயம். உயிரோடு பறக்கும் பூச்சிகளிலேயே நரம்பு நம்மை இப்படி ஏமாற்றியிருக்கும்போது, டி.என்.ஏ.வே இல்லாத புதைபடிவத்தில் குடும்பப் பெயரைப் பென்சிலால் எழுதி வைப்பதுதான் நியாயம். பர்மிய அம்பரிலிருந்து (மியான்மர் அம்பரை அப்படித்தான் அழைப்பார்கள்) 2010இல் பாயினர், பெக்ளி, பக்லி மூவரும் விவரித்த ஊசித்தட்டானின் பெயரே பேலியோடிஸ்பரோனியூரா. நம் டிஸ்பரோனியூராவோடு உறவு பார்த்து வைத்த பெயர் அது. அந்த உறவு எவ்வளவு நெருக்கம் என்பது இனி வரும் துண்டுகளைப் பொறுத்தது.

அழிந்த இனம் என்பதில் சந்தேகம் வேண்டாம். 9.9 கோடி ஆண்டு ஒரு தனி இனம் மாறாமல் தாக்குப்பிடித்ததாகப் பூச்சிகளில் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இங்கே அழிந்திருப்பது இனம் மட்டுமல்ல, பேரினமே இன்று இல்லை. ஆனால் "அழிந்தது" என்ற சொல் எல்லா அம்பருக்கும் ஒரே பொருளில் வருவதில்லை. டொமினிக்கன் குடியரசின் அம்பர் ஏறத்தாழ 1.5 கோடியிலிருந்து 2 கோடி ஆண்டுப் பழமை. அதில் கிடைத்த டைசெராடோபேசிஸ் வொர்க்கி என்ற ஊசித்தட்டானை 1996இல் பாயினர் விவரித்தார். அந்த இனம் இன்று இல்லை, பேரினம் இருக்கிறது. அதன் உறவினர்கள் இன்றும் ஜமைக்காவிலும் டொமினிக்கன் குடியரசு இருக்கும் ஹிஸ்பனியோலா தீவிலும் பறக்கின்றன.

தண்ணீர்ப் பூச்சிக்கு மரப்பிசினில் என்ன வேலை என்று கேட்டீர்களே, அதற்கும் இந்த டைசெராடோபேசிஸ்தான் நல்ல வழிகாட்டி. ஜமைக்காவில் இருக்கும் அதன் உறவு முட்டையிடுவது குளத்திலோ ஓடையிலோ அல்ல. மரக்கிளைகளில் தொற்றி வளரும் அன்னாசிக் குடும்பச் செடிகளின் இலைக்குழியில் மழைநீர் தேங்கும். அந்தக் கையளவு நீரில்தான் அதன் லார்வா வளர்கிறது. அப்படிப்பட்ட பூச்சி வாழ்நாள் முழுக்க மரத்தோடு ஒட்டியே இருப்பதால் பிசினில் மாட்டுவதில் அதிசயமே இல்லை. அழிந்த இனமும் இதே மாதிரி வாழ்ந்திருக்கும் என்பது ஊகம்தான், ஆனால் அதே பேரினம் என்பதால் நல்ல ஊகம்.

பர்மிய அம்பர்ப் பூச்சிகளுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. ஊசித்தட்டான்கள் நீரிலிருந்து வெளிவந்ததும் நீரோரத்திலேயே நிற்பதில்லை. உடல் கெட்டிப்பட்டு நிறம் ஏறும்வரை செடிகொடிகளுக்குள் ஒதுங்கி இரை தேடும். அந்த நாட்களில் அவற்றின் பறத்தல் தள்ளாட்டமாக இருக்கும். சில குடும்பங்கள் முதிர்ந்த பிறகும் இருட்டை விட்டு வருவதில்லை. 2015இல் பர்மிய அம்பரிலிருந்து விவரிக்கப்பட்ட மெசோஸ்டிக்டா பர்மாடிகா, பிளாட்டிஸ்டிக்டிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பம் இன்று மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் நிறைய இனங்களோடு இருக்கிறது. ஓடைக்கரையில் பாறை நீர் சொட்டும் இருட்டான மூலையில், மெலிந்து நீண்ட வயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு குச்சியைப் பிடித்தபடி இவை அசையாமல் இருக்கும். கிளப்பினால் சில அடி தூரம் பறந்து மறுபடி வேறொரு குச்சியில் உட்காரும். பிசின் வடியும் மரங்கள் நிறைந்த காட்டில் இப்படி வாழும் பூச்சிக்கு ஆபத்து அதிகம்.

இதையே திருப்பிப் பார்த்தால் ஒரு முக்கியமான எச்சரிக்கை கிடைக்கிறது. அம்பரில் கிடைப்பவற்றை வைத்து அந்தக் காலத்தில் எந்தத் தட்டான்கள் அதிகம் இருந்தன என்று கணக்கிடக் கூடாது. உடல் பெரிய, பலமாகப் பறக்கும் தட்டான்கள் பிசினில் மாட்டுவது குறைவு, மாட்டினாலும் பிய்த்துக்கொண்டு போய்விடும். சிறிய, மெலிந்த, நிழல் விரும்பும் பூச்சிகள்தான் அதில் தங்கும். எந்த மரத்தின் பிசின் என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. டொமினிக்கன் அம்பர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைமெனியா மரத்தினுடையது என்பது தெளிவு. பர்மிய அம்பர் அராகேரியா குடும்ப ஊசியிலை மரத்தினுடையது என்று வேதிப் பகுப்பாய்வை வைத்துப் பலர் சொல்கிறார்கள். அதற்கு மாற்றுக் கருத்தும் இருக்கிறது.

சரி, முக்கியமான கேள்விக்கு வருகிறேன். அகன்ற காலைக் காட்டிப் பெண்ணைக் கவர்ந்தது என்பது எவ்வளவு உண்மை? கால் அகன்று தட்டையாக இருக்கிறது என்பது கண்ணால் பார்த்தது. கிடைத்தவை ஆண்கள் என்பதும் பார்த்தது. பிசினில் அழுந்தி அப்படித் தட்டையானதல்ல, உயிரோடு இருந்தபோதே அந்த வடிவம்தான் என்பதும் ஏறக்குறைய உறுதி. அதற்கு மேல் உள்ளதெல்லாம் இன்றைய உறவினர்களைப் பார்த்துச் சொல்வது. ஐரோப்பாவின் பிளாட்டிக்நெமிஸ் பென்னிபெஸ் ஆண்களுக்கு வெளிர்ந்த, அகன்ற கணைக்கால்கள். போட்டிக்கு வரும் ஆணுக்கு முன்னாலும் பெண்ணுக்கு முன்னாலும் அந்தக் கால்களைத் தொங்கவிட்டுப் பறந்து காட்டும். லாவோஸிலிருந்து மத்தி ஹமலைனென் 2003இல் விவரித்த பிளாட்டிக்நெமிஸ் பாஸ்மோவொலான்ஸ் இனத்துக்குக் கால் இன்னும் அகலம். குளோரோசைஃபிடே என்ற வேறொரு குடும்பத்திலும், குறிப்பாக ஆப்பிரிக்காவின் பிளாட்டிசைஃபா கலிகாட்டாவில், நிறமேறிய அகன்ற கால்களை ஆண் பெண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவதைப் பார்க்கலாம். நெருங்கிய உறவில்லாத இரண்டு குடும்பங்களில் ஒரே உறுப்பு ஒரே வேலைக்காகத் தனித்தனியாக உருவாகியிருக்கிறது என்றால், மூன்றாவது இடத்தில் அதே உறுப்பைப் பார்க்கும்போது அதே வேலையைச் சந்தேகிப்பது நியாயமானது.

இன்னொரு காரணமும் என்னை அந்தப் பக்கம் சாய்க்கிறது. தட்டான்களுக்கு முள் நிறைந்த கால்கள் இரை பிடிக்கும் கூடை. ஆறு காலையும் முன்னால் குவித்து, பறக்கும் கொசுவையும் ஈயையும் அதற்குள் அள்ளும். அந்தக் காலைப் பாய்மரம் போல அகலமாக்கிக்கொண்டால் இரை பிடிப்பதும் பறப்பதும் இரண்டுமே சிரமமாகும். இவ்வளவு சிரமத்தைத் தாங்கி ஒரு உறுப்பு வளர வேண்டுமானால், இனச்சேர்க்கையில் அதற்கு ஈடான லாபம் இருந்திருக்க வேண்டும். இந்த வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

ஆனால் வாதம் வேறு, சாட்சி வேறு. காலில் தெரியும் கருமையான பட்டைகள் உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று அம்பர் சொல்லாது. 9.9 கோடி ஆண்டில் நிறமிகள் சிதைந்து, வெளிர் பகுதி பழுப்பாகவும் பழுப்பு கறுப்பாகவும் தெரியக்கூடும். கால் வெள்ளையாக மின்னியதா, வேறு நிறமா என்பது ஊகம். பெண்ணைக் கவரவா, மற்ற ஆண்களை விரட்டவா என்பதையும் பிரிக்க முடியாது. இன்றைய இனங்களே இரண்டுக்கும் ஒரே காலைப் பயன்படுத்துகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பென்னிபெஸ் பெண்ணுக்கும் கணைக்கால் ஓரளவு அகலம்தான். ஆகவே அகன்ற கால் என்பதே ஆணின் அலங்காரம் என்று முடிவு கட்ட, அதே இனத்தின் பெண்ணை ஆணோடு வைத்து ஒப்பிட வேண்டும். பெண்ணின் கால் மெலிந்திருந்தால் வாதம் பலப்படும். அதுவும் அதே அளவு அகன்றிருந்தால் எதிரியைத் திசைதிருப்பும் உத்தி போன்ற வேறு விளக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆய்வாளர்களும் இதை நிரூபணம் என்று சொல்லவில்லை, அப்படி எண்ண வைக்கும் சான்று என்ற அளவிலேயே எழுதினார்கள். அதைச் செய்தியாக்கும்போதுதான் அந்த இடைவெளி காணாமல் போனது.

டி.என்.ஏ. விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம்: கிடைக்காது. 1993இல் லெபனான் அம்பரில் இருந்த ஒரு கூன்வண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக அறிவித்தார்கள். 1997இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் அம்பர்ப் பூச்சிகளில் மீண்டும் மீண்டும் முயன்றும் எதுவும் வரவில்லை. முன்பு வந்தது இன்றைய உயிரிகளின் கலப்படமாகவே இருக்க வேண்டும். 2013இல் அம்பராக மாறாத இளம்பிசினான கோபாலில் தேடியும் நம்பத்தக்க டி.என்.ஏ. கிடைக்கவில்லை. இதுவரை மீட்கப்பட்ட மிகப் பழைய டி.என்.ஏ. கிரீன்லாந்தின் உறைந்த மண்ணிலிருந்து வந்தது, ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு. அதுவும் கடுங்குளிர் காப்பாற்றியதால். அம்பரில் முழுமையாகத் தெரியும் உடல் பல சமயம் உள்ளே வெற்றிடம், வெளித்தோலின் மெல்லிய படலம் மட்டுமே மிச்சம்.

கடைசியாக டாலர். இறக்கையை அழகாக விரித்து, நடுமையத்தில், ஒரு கால்கூட ஒடியாமல் இருக்கும் பெரிய தட்டான் மலிவாகக் கிடைத்தால் அது பிளாஸ்டிக்கில் ஊற்றிய இன்றைய பூச்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையான துண்டில் இறக்கை மடிந்திருக்கும், பாதி வெட்டுப்பட்டிருக்கும், சுற்றிலும் குமிழும் தூசியும் பிசின் வழிந்த வரிகளும் இருக்கும். நிறைவான உப்புக் கரைசலில் அம்பர் மிதக்கும், பல பிளாஸ்டிக்குகள் மூழ்கும். ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தால் கோபால் பிசுபிசுக்கும், அம்பருக்கு ஒன்றும் ஆகாது. இந்தச் சோதனைகள் பொருளைத்தான் சோதிக்கும், உள்ளே இருக்கும் பூச்சியை அல்ல. லண்டன் அருங்காட்சியகத்திலேயே ஒரு பால்டிக் அம்பர் ஈயைப் பல பத்தாண்டுகள் உண்மை என்று நம்பியிருந்தார்கள். உண்மையான அம்பரைப் பிளந்து, குடைந்து, இன்றைய ஈ ஒன்றை வைத்து ஒட்டியிருந்தது 1993இல்தான் வெளிப்பட்டது. ஆகவே சூடான விளக்கின் கீழ் உருப்பெருக்கியில் ஒட்டுக்கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பர்மிய அம்பர் உண்மையானதாகவே இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காச்சின் பகுதியில் நீண்ட காலமாக ஆயுத மோதல் நடக்கிறது. 2017 நடுவில் தனாய் பக்கத்துச் சுரங்கப் பகுதிகளை ராணுவம் கைப்பற்றத் தொடங்கியது, அங்கே வாழ்ந்தவர்கள் பலர் வெளியேற வேண்டியதாயிற்று. 2020இல் முதுகெலும்பிப் புதைபடிவ ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம், 2017 நடுவுக்குப் பின் வாங்கப்பட்ட பர்மிய அம்பரை வைத்து எழுதும் கட்டுரைகளை ஏற்க வேண்டாம் என்று ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. நம் ஒருவரின் டாலர் சிறிய தொகைதான், ஆனால் அந்தச் சந்தை நடப்பதே அப்படிப்பட்ட சிறிய தொகைகளால். அம்பர் கையில் வைத்திருக்க ஆசையாக இருந்தால், பால்டிக் அம்பரின் சாதாரணத் துண்டு ஒன்றை, கொசுவோ எறும்போ இருக்கும் துண்டை, எங்கே தோண்டியது என்று எழுதிக் கொடுக்கும் ஆளிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.